ஒரு வரிச் சேவரும் ஒரு சீஆர் கொப்பியும்

போன மாரியில் ஒரு பின்னேரம். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் எங்கட பெரியம்மா வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் இருந்தோம். மழை விடவில்லை. கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம். போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அடுத்த கிழமை சோதனை. பழைய வினாத்தாள்கள் முழுக்க என்னுடைய லப்டொப்பில் கிடந்தன. வாட்ஸ்அப்பில் அனுப்ப வழியில்லை. கேபிளும் ஆரிட்டயும் இல்லை.

ஒருத்தியின் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு எல்லாரும் அதில் சேர்ந்தோம். வினாத்தாள் ஃபோல்டருக்குள் போய், கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன். பைதன்3, ஒரு இடைவெளி, மைனஸ் எம், ஒரு இடைவெளி, எச்டிடிபி டொட் சேவர், ஒரு இடைவெளி, 8000. என்டர். மற்றவர்கள் தங்கள் போன் பிரவுசரில் என் லப்டொப்பின் எண் முகவரியை அடித்து, பின்னால் ஒரு கோலனும் 8000உம் போட்டார்கள். வினாத்தாள்களின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"இன்டர்நெட் வந்திட்டா?" என்று ஒருத்தன் கேட்டான். வரவில்லை. ஐந்து பேருக்கு நடுவில் ஒரு சேவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த பெரியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தா. பிறகு கேட்டா: "இதை ஆர் ஆர் பார்க்கலாம் பிள்ளை?"

"இந்த வைஃபையில இருக்கிற எல்லாரும்."

"றோட்டில நிக்கிறவனும்?"

"பாஸ்வேர்ட் தெரிஞ்சா ஓம்."

"அப்ப என்ன ஃபோல்டர் எண்டு பார்த்துப் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிட்டா.

பெரியம்மா கணினி படித்தவ இல்லை. ஓய்வுபெற்ற ரீச்சர். அவ ஏன் அப்படிக் கேட்டா என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சுனாமிக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட முகாமில் பெயர்ப் பட்டியல் எழுதியது அவதான். அந்த சீஆர் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. நான் அடித்த அந்த ஒரு வரிக்கும் அந்தக் கொப்பிக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சேவர் ஒரு பெட்டி இல்லை, ஒரு வேலை

சேவர் என்றதும் எங்களுக்கு நினைவில் வருவது குளிரூட்டிய அறை, வரிசையாக இரும்பு அலுமாரிகள், மினுங்குகிற பச்சை லைட். உண்மையில் அது ஒரு பெட்டியின் பெயர் இல்லை, ஒரு வேலையின் பெயர். "இந்தக் கோப்பைத் தா" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற எந்த ப்ரோக்ராமும் சேவர்தான். அது ஓடுகிற இடம் கூகிளின் கட்டடமாகவும் இருக்கலாம், பெரியம்மா வீட்டு விறாந்தையாகவும் இருக்கலாம்.

தொடக்கத்தில் அது ஒரு மேசையில்தான் இருந்தது. உலகின் முதல் வெப் சேவர் 1990 கடைசியில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் ஓடியது. டிம் பேர்னர்ஸ் லீ பாவித்த ஒரு நெக்ஸ்ட் கணினி அது. யாரும் வேலை முடிந்து போகும்போது நிப்பாட்டிவிடக் கூடாது என்று, இது சேவர், நிப்பாட்ட வேண்டாம் என்ற கருத்தில் சிவப்பு மையால் எழுதி அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கணினி இப்போதும் இருக்கிறது, அந்தத் துண்டோடு.

அந்த நாளையில் கேட்கிற முறையும் எளிது. "கெட்" என்ற ஒரு சொல், பிறகு கோப்பின் பெயர். அவ்வளவுதான் கேள்வி. கோப்பு வந்துவிடும், இணைப்பு அறுந்துவிடும். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி சேர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் காசில்லாமல் பாவிக்கலாம் என்று அறிவித்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் நீங்களும் நானும் சேவர் ஓட்ட முடிவது அதனால்தான்.

அது என்ன 8000? ஒரு கணினிக்குள் பல ப்ரோக்ராம்கள் ஒரே நேரத்தில் வெளியுலகத்தோடு கதைக்கும். எந்தத் தகவல் எந்த ப்ரோக்ராமுக்கு என்று பிரிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். ஆங்கிலத்தில் போர்ட். தமிழ்க் கலைச்சொல்லில் "துறை". துறைமுகத்து ஆக்களுக்கு இது நல்லாப் பொருந்தும். வெப்புக்கான வழக்கமான துறை 80. ஆனால் லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வழிக் கணினிகளில், 1024க்குக் கீழே உள்ள துறைகளைத் திறக்க நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அதற்கு மேலே யாரும் திறக்கலாம். எங்கட துறைமுகத்திலும் அப்படித்தானே. நேவியின் இறங்குதுறைக்குள் நீங்கள் போக முடியாது. ஆனால் வள்ளத்தை மணலில் இழுத்துவிட ஆரிட்டயும் கடிதம் வாங்கத் தேவையில்லை. 8000 என்பது வள்ளம் இழுக்கிற மணல்.

கப்பல் பெருத்த கதை

வெப் வளர வளர சேவரும் பெருத்தது. 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்து என்சிஎஸ்ஏ நிலையத்தில் றொப் மக்கூல் ஒரு சேவர் எழுதினார். அவர் அங்கிருந்து விலகியதும் அதைப் பார்க்க ஆளில்லை. பாவித்தவர்களே ஆளுக்கொரு திருத்தம் எழுதி மின்னஞ்சலில் பரிமாறினார்கள். அந்தத் திருத்தங்களைக் கூட்டிச் சேர்த்து 1995இல் வந்ததுதான் அப்பாச்சி. ஒரு வருடத்துக்குள் உலகில் அதிகம் ஓடுகிற சேவர் அதுதான்.

அப்பாச்சி வேலை செய்த பழைய முறை, சாப்பாட்டுக் கடையில் ஒரு மேசைக்கு ஒரு வெயிட்டர் என்பது மாதிரி. ஆள் கூடினால் வெயிட்டரும் கூட வேண்டும். பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால்? 1999இல் டான் கேகல் என்பவர் இந்தக் கேள்வியை எழுதி வைத்தார். அதற்கு விடை தேடியவர்கள் எடையைக் குறைத்தார்கள். 2003இல் ஜேர்மனியின் யான் க்னெஷ்கே லைட்டீபிடி என்ற சேவரை எழுதினார். 2004 ஒக்டோபரில் ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் என்ஜின்எக்ஸை வெளியிட்டார். இவற்றில் ஒரு வெயிட்டரே எல்லா மேசையையும் பார்ப்பார். ஓடர் எடுத்துவிட்டு சாப்பாடு வரும்வரை நின்று காவல் காக்க மாட்டார், அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

அதே 2004இல், நவம்பர் 30ஆம் திகதி, பைதன் 2.4 வந்தது. அதில் ஒரு சின்னப் புதுமை: மைனஸ் எம். பைதனோடு கூடவே வருகிற எந்தத் துணைக் கருவியையும் பெயர் சொல்லி அப்படியே ஓட்டலாம். அப்படி ஓட்டக்கூடியவற்றில் ஒன்று ஒரு குட்டி வெப் சேவர். நான் விறாந்தையில் அடித்த வரியின் மூத்த வடிவம் அன்றுதான் பிறந்தது. இன்ஸ்டோல் இல்லை, செட்டிங் கோப்பு இல்லை, ஒரே வரி.

சரியாக 26 நாள் கழித்துக் கடல் வந்தது.

பட்டியல்கள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். இலங்கை நேரம் காலை 6.58க்கு சுமாத்ராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. இரண்டு மணித்தியாலம் ஆகும் முன்னமே கிழக்குக் கரையில் அலை. திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் முழுக்க அடிபட்டது. கிண்ணியா ஆஸ்பத்திரியும் சிதைந்தது. நாடு முழுக்க 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

முதல் கிழமை எல்லாரும் தேடியது சோறும் தண்ணியும் மட்டும் இல்லை. பெயரைத் தேடினார்கள். எந்த முகாமில் யார், எந்த ஆஸ்பத்திரியில் யார், யாரைப் புதைத்தாச்சு. பெரியம்மா சொல்லுவா: "காலையில ஒரு ஆள் வந்து பெயர் சொல்லிக் கேக்கும். நான் கொப்பியைப் புரட்டுவன். இல்லை எண்டால் அந்த ஆள் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு நடக்கும். அங்க இன்னொரு ரீச்சர், இன்னொரு கொப்பி."

யோசிச்சுப் பாருங்கோ. அந்த நாளில் திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. இப்ப இருக்கிற பாலம் திறந்தது 2009இல். அதுவரை "பாதை" ஏறித்தான் கடக்க வேணும். மூதூரின் கிழக்குப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில். கிராம சேவகரிடம் ஒரு பட்டியல், ராணுவத்திடம் ஒன்று, புலிகளின் பக்கத்தில் ஒன்று, தொண்டு நிறுவனங்களிடம் ஆளுக்கொன்று. ஒன்றை ஒன்று அறியாது.

கொழும்பில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த கணினிக்காரர்கள் சிலர் இருந்தார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, திறந்த மூல மென்பொருளை இலங்கையில் வளர்க்கத் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சஞ்ஜீவ வீரவரன அப்பாச்சித் திட்டங்களில் வேலை செய்த ஆள். அவர்களும், கம்பனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்து வந்த தொண்டர்களும் சேர்ந்து, அனர்த்த நிவாரணத்துக்கான ஒரு வெப் அமைப்பைச் சில கிழமைக்குள் எழுதினார்கள். பெயர் "சஹன". சிங்களத்தில் நிவாரணம், ஆறுதல் என்று பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்ற பதிவு, உதவி கேட்டவர்களின் பதிவு எல்லாம் அதில் இருந்தன. அரசாங்கம் நிவாரணத்தை ஒருங்கிணைக்க அமைத்த தேசிய நடவடிக்கை நிலையத்தில் அது ஓடியது.

2005 ஒக்டோபர் பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டே மண்சரிவு, அதே வருடம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கம் என்று சஹன நாடு நாடாகப் போனது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதற்குக் கொடுத்தது. அதற்கு முந்தின வருடம் அந்த விருதை வாங்கியது விக்கிப்பீடியா. எங்கட நாட்டில், எங்கட கடல் அடித்த கிழமையில் எழுதின ஒரு மென்பொருள் இப்படி ஒரு இடத்துக்குப் போனது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

பெயர் எழுதுவதில் உள்ள சிக்கல்

பட்டியலைக் கணினியில் ஏற்றினால் மட்டும் பிரச்சினை தீராது. தமிழ்ப் பெயர் என்றால் இரண்டு பூட்டு.

முதல் பூட்டு எழுத்து. அந்தக் காலம் இலங்கையில் தமிழ் டைப் என்றால் பெரும்பாலும் பாமினி. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கணினிக்குள் பதிவது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்தக் குப்பைதான் தெரியும். யுனிகோடில் தமிழ் 1991இலேயே இருந்தது. ஆனால் அச்சகத்திலும் அலுவலகத்திலும் பழகியது பாமினி. ஒரு முகாமில் பாமினியில் அடித்த பெயரை இன்னொரு இடத்தில் யுனிகோடில் தேடினால் கிடைக்காது. ஆள் இருப்பார், பெயரும் இருக்கும், விடை "இல்லை" என்று வரும்.

இரண்டாவது பூட்டு ஆங்கிலம். பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள். கிண்ணியாவில் ஒரு "முகம்மது"வை எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கோ. ஒலியால் ஒத்த பெயர்களைத் தேட சவுண்டெக்ஸ் என்ற முறை இருக்கிறது. அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றது. அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மூன்று இலக்கமாகச் சுருக்கும். முதல் எழுத்தை அப்படியே வைப்பதில்தான் எங்களுக்குச் சிக்கல். "விக்னேஸ்வரன்" என்ற பெயரை ஒருத்தர் வீ போட்டு எழுதுவார், இன்னொருத்தர் டபிள்யூ போட்டு எழுதுவார். சவுண்டெக்ஸுக்கு இவர்கள் இரண்டு பேர். பெரியம்மாவின் சீஆர் கொப்பியில் இந்தப் பிரச்சினை இல்லை. அவ காதால் கேட்டுத் தமிழில் எழுதினா, தமிழிலேயே தேடினா.

சேவர் முகாமுக்கு வந்தது

இன்னொரு கேள்வியும் இருந்தது. சேவர் எங்கே இருக்க வேணும்? கடலடிக் கேபிள்கள் இலங்கையில் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறை என்று மேற்கிலும் தெற்கிலும். கிழக்கில் ஒரு டவர் விழுந்தால், வயர் அறுந்தால், கொழும்பில் உள்ள சேவர் எவ்வளவு நல்லதாக இருந்தும் முகாமில் இருக்கிறவருக்குப் பயனில்லை.

அதனால் சஹனவை எடை குறைத்து எடுத்துச் செல்லுகிற வேலையும் நடந்தது. இன்ஸ்டோல் செய்யாமல் ஒரு சீடியிலிருந்தே ஓட்டுகிற வடிவம் வந்தது. பிறகு 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின் காலத்தில் வளர்ந்த "சஹன ஈடன்" பைதனில், வெப்2பை என்ற கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டது. வெப்2பையோடு ஒரு குட்டி சேவரும் கூடவே வரும். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் போதும், அந்த லப்டொப்பே சேவர். பக்கத்தில் உள்ளவர்கள் வைஃபையில் சேர்ந்து பதியலாம். பெரியம்மாவும் அடுத்த பள்ளிக்கூடத்து ரீச்சரும் ஒரே கொப்பியில் எழுதுவது மாதிரி.

2020 டிசம்பர் 2 இரவு புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது எங்களுக்குத் தேவைப்பட்டிருக்கக் கூடியது இந்த வகை ஆயத்தம்தான். எங்களில் ஒருத்தருக்கும் அப்போது அந்த ஒரு வரி தெரியாது.

இயற்கை மட்டும் இணைப்பை அறுப்பதில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோதும், 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் மக்கள் தெருவில் இறங்கியபோதும் அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றை மறித்தது. அப்படிப்பட்ட நாளிலும் ஒரு அறைக்குள் ஓடுகிற சேவரைக் கொழும்பிலிருந்து மறிக்க முடியாது.

"ஆர் ஆர் பார்க்கலாம்?"

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் நல்ல தொழில்நுட்பப் பெருமைக் கதையாக இருக்கும். ஆனால் பெரியம்மாவின் கேள்வி மிச்சம் நிற்கிறது.

எங்கட ஆக்களுக்குப் பட்டியல் என்றால் நிவாரணம் மட்டும் இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. போர்க்காலத்தில் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று பட்டியல் கொடுக்க வேணும், சுற்றிவளைப்பில் அதை வைத்துச் சரிபார்ப்பார்கள். 2009 பெப்ரவரியில் வன்னியிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றி இந்தத் திருகோணமலைக்குத்தான் கொண்டுவந்தது. அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் பெயர் தெரிய ஏங்கிய தாய்மார் இருந்தார்கள். தன் பெயர் எந்தப் பட்டியலிலும் வரக்கூடாது என்று பயந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே குடும்பத்தில் இருந்திருக்கலாம்.

பெரியம்மா அந்தக் கொப்பியை ஒருநாளும் சுவரில் ஒட்டவில்லை. கேட்டு வந்தவருக்குக் கேட்ட பெயரை மட்டும் பார்த்துச் சொன்னா. "முழுக்கக் காட்டச் சொல்லிச் சிலர் வந்தவை. நான் காட்டேல்லை" என்று மட்டும் சொன்னா. யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

என்னுடைய ஒரு வரிச் சேவர் இதற்கு நேர் எதிர். அது கேட்பவரிடம் பெயர் கேட்காது, பாஸ்வேர்ட் கேட்காது. நீங்கள் நிற்கிற ஃபோல்டரை, அதற்குள் உள்ள எல்லாவற்றையும், முகப்புப் பக்கம் இல்லாவிட்டால் பட்டியல் போட்டே காட்டும். போகிற வழியில் எதையும் மறைகுறியாக்காது. பைதனின் கையேடே இதைப் பொதுச் சேவைக்குப் பாவிக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறது. வினாத்தாளுக்கு இது போதும். காணாமற்போனவர்களின் பட்டியலுக்குப் போதாது. சஹன போன்ற ஒன்றுக்கு லொகின், யார் எதைப் பார்க்கலாம் என்ற வரையறை எல்லாம் வேண்டியது அதனால்தான்.

நீங்களும் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் நான்கு விசயம் சொல்லுறன். புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, கொடுக்க வேண்டியதை மட்டும் அதற்குள் போட்டு, அதற்குள் நின்று ஓட்டுங்கோ. வீட்டு ஃபோல்டரில் நின்று ஓட்டினால் உங்கட படமும் கடிதமும் எல்லாருக்கும் தெரியும். உங்கட கணினிக்குள் மட்டும் பரிசோதிக்க வேணும் என்றால் வரியின் கடைசியில் மைனஸ் மைனஸ் பைண்ட் என்று அடித்து 127.0.0.1 என்று கொடுங்கோ. கஃபே வைஃபையில் ஓட்டாதேங்கோ. வேலை முடிந்ததும் கன்ட்ரோலையும் சீயையும் சேர்த்து அமத்துங்கோ. சேவர் நின்றுவிடும்.

அன்று மழை விட்டதும் நான் அப்படித்தான் நிப்பாட்டினேன். மற்றவர்களின் போனில் வினாத்தாள் மிஞ்சியது, பட்டியல் மறைந்தது. கொஞ்ச நாள் கழித்து, அந்தக் கொப்பியை ஸ்கேன் பண்ணி வைப்பமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். கறையான் அரித்தால் எல்லாம் போய்விடும் என்றேன். அவ யோசித்தா.

"பண்ணு" என்றா. "ஆனா அதை உன்ட பெட்டியில மட்டும் வை. ஆரும் வந்து கேட்டா, பெயரைக் கேள். பிறகு பார்த்துச் சொல்லு."